பேசி முடித்த வீட்டுக்கு வேறொருவர் கூடுதல் விலை சொன்னால்

நம் தொழில் பெரும்பாலும் வாய்ச் சொல்லில் ஓடுகிறது. காலையில் மண்டிக்குப் ஃபோன் செய்து பத்து மூட்டை துவரம் பருப்பு கேட்டால் மாலையில் சரக்கு இறங்கிவிடும். இடையில் விலை ஏறினாலும், பேசிய விலைக்கே பில் போடுகிற மண்டிக்காரரைத்தான் நாம் தேடிப் போகிறோம். இதே பழக்கத்தோடு வீடோ கடைக் கட்டிடமோ வாங்கப் போகிற நம்மவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

விலை பேசி முடிந்தது. வெற்றிலை பாக்கு மாற்றி அச்சாரமும் கொடுத்தாயிற்று. ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணாச்சி, பிள்ளைங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. இன்னொருத்தர் மூணு லட்சம் கூடத் தர்றாரு" என்கிறார். இப்போது நம் கையில் என்ன இருக்கிறது?

வாய்ப்பேச்சும் துண்டுச் சீட்டும் மட்டும் இருந்தால் மிகவும் கொஞ்சம்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவில், விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தால் மட்டும் அந்தச் சொத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கிரயப் பத்திரம் பதிவாகும்வரை வீடு விற்பவருடையதுதான். ஒப்பந்தப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு. அந்த உரிமையை நிரூபிக்க உருப்படியான எழுத்து வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை உடன்படிக்கையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத உடன்படிக்கையையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே கூறியது. ஆகவே பதிவில்லாத உடன்படிக்கை வைத்திருப்பவர் அதைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. ஆனால் பதிவினால் வேறு ஒரு பெரிய லாபம் உண்டு. பதிவான உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பிறகு வாங்க வருகிற எவரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

தெரியாது என்ற அந்தச் சொல்லில்தான் பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. முதல் ஒப்பந்தம் பற்றி அறியாமல், நல்லெண்ணத்தில், பணம் கொடுத்து வாங்கியவரை 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் பாதுகாக்கிறது. அறிந்தே வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரையும் வழக்கில் சேர்த்து, நமக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். எனவே போட்டிக்கு ஆள் வந்திருப்பது தெரிந்த அன்றே வழக்கறிஞர் மூலம் விற்பவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். புதிதாக வாங்க வருபவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் ஒரு நோட்டீஸ் போகட்டும். நம் ஊர்களில் அவர் யாரென்று தெரியாமல் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அடுத்த தெரு ஆளாகவோ நமக்கே சரக்குப் போடுபவராகவோதான் இருப்பார். முகத்தாட்சண்யம் பார்த்து நோட்டீஸ் விடாமல் இருந்தால், பின்னால் அவர் நல்லெண்ணத்தில் வாங்கியவராக நீதிமன்றத்தில் நிற்பார்.

'இரட்டிப்பாகத் தருகிறேன்' என்ற வாசகம்

விற்பவர் பின்வாங்கினால் முன்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்று பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது நமக்குப் பெரிய பலம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பத்திரண்டு லட்சத்துக்குப் பேசி ஒரு லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறோம். புதியவர் முப்பத்தைந்து தருகிறார். நம் ஒரு லட்சத்தோடு இன்னொரு லட்சம் சேர்த்துக் கொடுத்த பிறகும் விற்பவருக்கு இரண்டு லட்சம் மிச்சம். அவர் ஏன் தயங்கப் போகிறார்?

பணம் தந்து விலகிக்கொள்ள விற்பவருக்கு உரிமை உண்டு என்று பொருள்படும்படி அந்த வாசகம் அமைந்துவிட்டால், வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் நம் உரிமையே போய்விடக்கூடும். இரட்டிப்புத் தொகையும் அப்படியே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு எதுவோ அதையே நீதிமன்றம் தரும். ஆகையால் 'விற்பவர் தவறினால், வாங்குபவர் நீதிமன்றம் மூலம் கிரயம் பெற்றுக்கொள்ளலாம்' என்ற வரி உடன்படிக்கையில் கட்டாயம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள்

2018 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஏற்றதை ஆற்றச் சொல்லும் தீர்ப்பை மறுப்பதில் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த விருப்புரிமை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் கிரயத்தை முடிக்க நாம் எப்போதும் தயாராக இருந்தோம் என்று இன்றும் நிரூபித்தாக வேண்டும். வணிகர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நம் பணம் மூட்டையிலும் கடன் நோட்டிலும் கிடக்கிறது. வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் நாற்பதாயிரம்தான் இருக்கும். கடை நிறையச் சரக்கு இருப்பது நீதிபதிக்குத் தெரியாது. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுக் கடன் அனுமதிக் கடிதம், ஓவர் டிராஃப்ட் வரம்பு, வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, சரக்கிருப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ மட்டுமே கொடுங்கள். இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது.

சும்மா இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மதுரை வீடு ஒன்றின் வழக்கைச் சொல்லலாம். 1978 டிசம்பரில் அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒப்பந்தம், ஐயாயிரம் முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்குபவர் இரண்டரை ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு அதன் பிறகே நோட்டீஸ் கொடுத்தார். அதற்குள் விலை பல மடங்கு ஏறிவிட்டது. 1997இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டைத் தர மறுத்துவிட்டது. வழக்குப் போட மூன்று ஆண்டு காலம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று ஆண்டும் உறங்குவதற்காகக் கொடுத்ததன்று. கெடு முடிவதற்கு முன்பே, 'மீதிப் பணம் தயார், பதிவுக்கு வாருங்கள்' என்று எழுத்தில் ஒரு கடிதம் போய்விட வேண்டும்.

கூடக் கொடுப்பதா, விடுவதா, வழக்காடுவதா?

முதலில், அந்த இரண்டாவது ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பாருங்கள். தரகர் வாயில் மட்டும் வாழ்கிற ஆட்களும் உண்டு. 'அவருக்கே கொடுங்கள், என் முன்பணத்தை நாளைக் காலையில் வங்கியில் போட்டுவிடுங்கள்' என்று அமைதியாகச் சொன்னால் பல நேரம் உண்மை வெளிவந்துவிடும்.

ஆள் இருப்பது உறுதியானால், கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கடைக் கணக்கை எடுங்கள். செலவெல்லாம் போக நூற்றுக்கு மூன்று ரூபாய் நிற்கிற மளிகைக் கடையில் கூடுதல் மூன்று லட்சத்தை ஈட்ட ஒரு கோடி ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். தீபாவளிச் சரக்குக்கு வைத்திருக்கும் முதலை எடுத்து வீம்புக்கு விலையை ஏற்றினால், வீடு வந்து சேரும். கடை இளைத்துப் போகும். குடியிருக்கத்தான் வீடு என்றால் அடுத்த தெருவிலும் கிடைக்கும். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதே பெரும்பாலும் நல்லது என்பது நம் கருத்து. இருபது ஆண்டுகளாக நாம் வாடகைக்கு நடத்தும் கடையே விலைக்கு வந்திருந்தால் கதை வேறு. அந்த முனைக்கு வந்து பழகிய வாடிக்கையாளர்களை வேறு கட்டிடத்தில் விலைக்கு வாங்க முடியாது. அங்கே ஓரளவு கூடக் கொடுப்பதற்கும், எழுத்து வலுவாக இருந்தால் வழக்காடுவதற்கும் நியாயம் உண்டு.

வழக்குத்தான் என்று முடிவானால் தடையுத்தரவு மனுவையும் கூடவே போடுங்கள். வழக்கு நடக்கும்போது சொத்தை விற்றாலும் அந்த விற்பனை தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதே. வீடு கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையை வழக்குரையில் எழுதச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாக எடுத்துக் கொடுப்பதில்லை.

ஒதுங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு குறிப்பு. உடன்படிக்கை பதிவாகியிருந்தால், அது வில்லங்கச் சான்றில் நிற்கும்வரை விவரமறிந்த எவரும் அந்த வீட்டுக்கு முழுப் பணம் தர மாட்டார். ஆகவே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு விற்பவர் நம்மிடம் வந்தே தீருவார். முன்பணத்தையும், உடன்படிக்கைப் பதிவுக்கும் வழக்கறிஞருக்கும் ஆன செலவையும் அப்போது சேர்த்துக் கேளுங்கள். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம். பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.