கடைசி பெஞ்சில் யார் உட்காருவார்?

பிளஸ் டூ முடித்த உள்ளூர்ப் பெண்ணை மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகப் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். 42-இல் 17 போக மீதி 35 என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். அவர் சிவப்பு மையால் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறார். பையன் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. 2-இல் 7 போகாதே என்று 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறான். அதைப் பிடிக்கும் கண்ணை எந்தப் பயிற்சி தரும்? நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அதுவரை வகுப்பை யார் பார்ப்பது, அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதிலேயே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்தது தொலைநிலைக் கல்வி. பயிற்சி பெறாமல் பணியில் இருந்தவர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்று சட்டம் வந்ததும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் 18 மாதப் பட்டயத்தில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். டிவியிலும் இணையத்திலும் பாடம். வகுப்பை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் டிவிக்கு அந்த 35 தெரியாது. சான்றிதழிலும் சிக்கல் வந்தது: அது இரண்டாண்டுப் பட்டயத்துக்குச் சமமில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2017-இலேயே பணியில் இருந்தவர்களுக்குச் செல்லும் என்று பிறகு தெளிவுபடுத்தியது. அதனால் எந்தப் படிப்பானாலும், பணம் கட்டுமுன் அது எந்த வேலைக்குச் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு கலப்பு முறைக்கு. 1980-இல் விடுதலை பெற்ற ஜிம்பாப்வேயில் பள்ளிகளில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். அடுத்த ஆண்டே ‘ஜின்டெக்’ திட்டம் தொடங்கியது. மொத்தம் நான்கு ஆண்டு: முதலில் 16 வாரம் கல்லூரி, கடைசியில் இன்னொரு 16 வாரம். நடுவில் முழுக்கப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே படிப்பு. பார்த்த தப்பையும் பட்ட திணறலையும் சுமந்துகொண்டு திரும்பக் கல்லூரிக்குப் போகிறார் பாருங்கள், அங்கேதான் விஷயம்.

இதே வழியில் மலாவி சறுக்கியது. 1994-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கி, சுமார் 20,000 பேரைப் பயிற்சியில்லாமல் வேலைக்கு எடுத்தார்கள். 1997 முதல் மூன்று மாதம் கல்லூரி, 20 மாதம் பள்ளி என்று ஏற்பாடு. ஆனால் பள்ளிக்கு வந்து பார்க்க வேண்டியவர்கள் சொன்னபடி வரவில்லை.

யாருமே வர முடியாத ஊருக்கு வானொலி உண்டு. ஜாம்பியாவில் 2000-இல் தொடங்கியது: அரை மணி நேரம் ரேடியோ பாடம் நடத்தும், உள்ளூர்க்காரர் கூடவே நடத்துவார். ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

ஆக, படிப்பைத் தேர்ந்தெடுக்குமுன் கேளுங்கள்: வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருபவர் யார், மாதத்துக்கு எத்தனை முறை, அவர் வண்டிக்கு பெட்ரோல் யார் போடுவது? பதில் மழுப்பலாக வந்தால், பக்கத்து வகுப்பு சீனியர் டீச்சருக்கு வாரம் இரண்டு பீரியட் ஒழித்துக் கொடுங்கள். முதல் நாள் அந்த 35 நோட்டை இருவர் நடுவிலும் விரித்து வையுங்கள்.