வெயில் இருக்கும்போதே…

கேள்வி: 'மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்' என்பதற்கு 'நேரத்தை வீணாக்காதே' என்று பொருள் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. வாய்ப்பு கைநழுவுவதற்குள் காரியத்தை முடித்துக்கொள் என்பதுதான் அதன் உயிர். 'ஹே' நம் வைக்கோல் அல்ல. பச்சையாக அறுத்துக் காயவைத்த புல். இங்கிலாந்தில் கோடையிலும் மழையை நம்ப முடியாது. அறுத்த புல்லைப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு போர் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. 1546-ல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. தமிழில் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று தயங்காமல் எழுதுங்கள். அங்கே வெயில், நம் களத்தில் காற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு 12 மணி வரை கடையைத் திறந்து வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரருக்கு இது பொருந்தும். தினமும் நேரத்துக்கு ஆபீஸ் போகிறவருக்குப் பொருந்தாது.