உயிரணுவைப் பின்தொடரும் நுண்துகள்: படம் எதைக் காட்டுகிறது?

சில மாதங்களுக்கு முன், அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை வந்திருந்தார். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மகனுக்காக வந்தவர். அவர் கையில் வெளியூர் மருத்துவ நிலையம் ஒன்றின் வண்ணக் கையேடு இருந்தது. அதில் முதுகுத்தண்டின் படமும், அடிபட்ட இடத்தில் ஒளிரும் ஒரு புள்ளியும் அச்சிடப்பட்டிருந்தன. "ஊசியில போட்ட ஸ்டெம் செல்லு சரியான எடத்துக்குப் போய்ச் சேருதுன்னு படமே இருக்குதுங்களே ஐயா. கொல்லைய வித்துப் பணத்தக் கட்டிடலாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் புள்ளி என்ன என்பதை விளக்காமல் அவருக்கு விடை கூற இயலாது.

உடலுக்குள் கோடிக்கணக்கான உயிரணுக்கள் உள்ளன. வெளியிலிருந்து செலுத்திய சிலவற்றை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால், செலுத்துமுன் அவற்றிற்கு அடையாளம் இட வேண்டும். எங்கள் பகுதியில் கிடை போடும் ஆட்டுக்காரர்கள் தம் ஆடுகளின் முதுகில் சாயம் தடவி விடுவார்கள். பலருடைய ஆடுகள் ஒன்றாக மேய்ந்தாலும் மாலையில் பிரித்தெடுத்து விடலாம். உயிரணுவுக்குப் பூசும் சாயம் நானோ துகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7,000 முதல் 8,000. அடையாளத் துகள்களோ பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் சிறியவை. ஆய்வகத்தில் உயிரணுக்களோடு இத்துகள்களைச் சேர்த்து வைத்தால் அவை விழுங்கிக்கொள்ளும். துகள் இரும்பு ஆக்சைடாக இருந்தால் எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடம் கறுத்துத் தெரியும். கதிரியக்கப் பொருளால் அடையாளமிட்டால் காமா கேமரா அதைக் காணும்.

இது வெறும் ஆய்வகக் கதையன்று. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் நானோ துகள்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மார்பகத்திலிருந்து புற்றணு பரவினால் பெரும்பாலும் அக்குளின் முதல் நிணநீர்க் கணுவைத்தான் அடையும். அந்தக் கணு எது என்று அறிய, டெக்னீசியம் சேர்த்த நுண்துகள் கலவையைச் சிறிதளவு மார்பகத்தில் செலுத்துவோம். இங்குத் துகளின் அளவே எல்லாம். மிகச் சிறியதானால் இரத்தத்தில் கலந்துவிடும். மிகப் பெரியதானால் ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும். இடைப்பட்ட துகள் புற்றணு செல்லக்கூடிய வழியிலேயே சென்று முதல் கணுவில் நிற்கும். அறுவை மருத்துவர் கையடக்கக் கருவியால் அதைக் கண்டு எடுத்துச் சோதிப்பார். அதில் புற்று இல்லையெனில் அக்குளின் மற்றக் கணுக்களை அகற்ற வேண்டியதில்லை; ஆகவே, பின்னாளில் கை வீங்கி வேலை செய்ய முடியாமற்போகும் இடர் பெரிதும் குறைகிறது. நாற்று நடும், களை பறிக்கும் பெண்களுக்கு இது சிறிய செய்தியன்று. கதிரியக்கத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். அளவு மிகக் குறைவு, டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். கருவுற்றிருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்துவந்தாலோ முன்கூட்டியே கூறிவிடுங்கள்.

உயிரணுக்களுக்கே அடையாளமிட்டு நோயாளியின் உடலில் செலுத்திப் பின்தொடர்ந்த ஆய்வும் உண்டு. 2005-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள், தோல் புற்றுநோயாளிகள் எட்டுப் பேருக்கு அவர்களுடைய நோயெதிர்ப்பு உயிரணுக்களையே இரும்புத் துகளால் அடையாளமிட்டு நிணநீர்க் கணுவில் செலுத்தினர். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி போட்டும் நால்வருக்கு அது கணுவைத் தவறி அருகில் இறங்கியிருந்தது. எம்.ஆர்.ஐ. படம் இல்லாவிட்டால் இது தெரிந்தே இராது. மருந்து பலிக்கவில்லை என்று எழுதிவிட்டிருப்பார்கள். இத்தொழில்நுட்பத்தின் உண்மையான பயன் இத்தகையது என்பதே என் கருத்து: ஆய்வாளர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்ள அது உதவுகிறது.

ஆனால் சாயம் வேறு, ஆடு வேறு. ஆடு செத்துக் கிடந்தாலும் அதன் முதுகிலுள்ள சாயம் மறையாது. செலுத்திய உயிரணு மடிந்தால் அதனுள் இருந்த இரும்புத் துகள்களை உடலின் துப்புரவு உயிரணுக்கள் விழுங்கி அங்கேயே தங்கிவிடும். படத்தில் அதே கரும்புள்ளி தெரியும். விலங்கு ஆய்வுகளில் இது தெளிவாகக் கண்டறியப்பட்டுள்ளது. போதாக்குறைக்கு, பழைய இரத்தக் கசிவும் எம்.ஆர்.ஐ.யில் அவ்வாறே கறுத்துக் காட்டும். அடிபட்ட முதுகுத்தண்டில் இரத்தக் கசிவுக்குக் குறைவு ஏது? மறுபுறம், ஆட்டுக்குட்டி சாயத்தோடு பிறப்பதில்லை: உயிரணு நன்றாக வாழ்ந்து பெருகினால் ஒவ்வொரு பிரிவிலும் அடையாளம் பாதியாகி மங்கிவிடும். ஆக, இருப்பது தெரியாமலும் இறந்தது தெரிந்தும் போகலாம். உயிரோடு சரியான இடத்தில் இருந்தாலுங்கூட, அறுந்த நரம்பை அது இணைத்துவிட்டது என்று பொருளாகாது.

பயன் உறுதிப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை ஒன்று உண்டு. அது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் அது நடைபெறுகிறது. அங்கே எவரும் ஒளிரும் புள்ளியைக் காட்டிப் பலனை மெய்ப்பிப்பதில்லை. நரம்பில் செலுத்திய அணுக்கள் தாமே மஜ்ஜையைத் தேடிச் சென்று, சில வாரங்களில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை உயரத் தொடங்கும், அதுதான் சான்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இதையொட்டியே உள்ளன. ஏற்கப்பட்ட இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மாற்று சிகிச்சை நீங்கலாக, ஏனைய ஸ்டெம் செல் பயன்பாடுகள் யாவும் ஆய்வு நிலையிலேயே உள்ளன; முறையான ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே அவற்றைச் செய்யலாம். அத்தகைய ஆய்வு, சி.டி.ஆர்.ஐ. எனப்படும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட்டு எண் பெற்றிருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். ஆய்வுக்கான செலவை அதில் பங்கேற்கும் நோயாளியின் தலையில் சுமத்தலாகாது.

அந்தத் தந்தையிடம் இரண்டு கேள்விகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தேன். பதிவு எண் என்ன? ஆய்வு என்றால் பணம் எதற்கு? இரு வாரம் கழித்து வந்தார். எண் எதுவும் தரவில்லையாம். இம்மாதத்துக்குள் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி என்றார்களாம். கொல்லையில் இப்போது மக்காச்சோளம் விதைத்திருக்கிறார். மகன் வாரம் மூன்று நாள் இயன்முறை சிகிச்சைக்கு வருகிறார், படுக்கைப்புண் ஆறிவிட்டது, சக்கர நாற்காலிக்குத் தாமே மாறி அமரப் பழகிவருகிறார்.