நிலத்தில் கோர்ட் ஜப்தி இருக்கிறதா?

திருவிடைமருதூர் பக்கம் நஞ்சை வாங்கப் போகிறீர்களா?

• பட்டாவை மட்டும் நம்பாதீர்கள். ஜப்தி அதில் தெரியாது. 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

• உட்பிரிவு ஆன நிலமென்றால் பழைய எண்ணுக்கும் பாருங்கள். 112/3ஏ சுத்தமாக இருக்கலாம். ஜப்தி 112/3-இல் கிடக்கும்.

• ஜப்திக்குப் பின் எழுதிய கிரயம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 64-ஆம் பிரிவின்படி, டிகிரிதாரரிடம் செல்லாது.

• பணம் வரவேண்டியவரா? பணத்துக்கான டிகிரி மட்டும் நிலத்தைக் கட்டாது. 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு போட்டு ஜப்தி உத்தரவு வாங்குங்கள். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதா என்றும் பாருங்கள்.

• கடனை அடைத்துவிட்டீர்களா? ஜப்தி நீக்க உத்தரவையும் அங்கே பதியவைத்து, புதிதாக வில்லங்கம் எடுத்துச் சரிபாருங்கள்.