கன்டீன் என்றால் மலிவா?

வைத்தியசாலை, பாடசாலை, பஸ் நிலையம், விளையாட்டு மைதானம் என்று நாலு பேர் கூடுகிற இடம் எதுவானாலும் பதுளைப் பக்கத்தில் அங்கே ஒரு கன்டீன் இருக்கும். பலகையில் 'சிற்றுண்டிச்சாலை' என்று எழுதியிருந்தாலும் வாயில் வருவது கன்டீன்தான். வெளிக்கடையைவிட அங்கே மலிவாகத்தான் இருக்கும், நம்முடைய நன்மைக்காகத்தான் அதை நடத்துகிறார்கள் என்ற நம்பிக்கை பசறையிலிருந்து ஹப்புத்தளை வரை தோட்டங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிளினிக் நாளில் விடியுமுன் லயத்தை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வந்து, நம்பர் துண்டோடு மத்தியானம்வரை காத்திருக்கிற ஓர் அம்மா, ஒரு பிளேன்டீக்கும் ஒரு மாலுபணிஸுக்கும் காசு கொடுத்துவிட்டு மிச்சச் சில்லறையைக் கையில் விரித்துப் பார்க்கிறார். "கன்டீன்லயும் இந்த வெலயா?" என்று அவர் கேட்பது இந்த நம்பிக்கையால்தான்.

நலன்புரிச் சங்கங்கள் நடத்தும் மலிவான கன்டீன்கள் இருப்பது உண்மை. ஆனால் மலிவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது என்பது பொய். கன்டீன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

தகரப் பேணியில் அடைத்த சாமான் விற்ற கடை என்பதால் 'கேன்', 'டின்' இரண்டும் சேர்ந்து கன்டீன் ஆனது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, காலக்கணக்கு இடிக்கிறது. தகரப் பேணிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது 1810இல். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோ 1700களிலேயே புழங்கியது. இத்தாலியர்கள் வைன் வைக்கும் நிலவறையை 'கன்டினா' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அதை 'கன்டீன்' என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது படைமுகாமில் சிப்பாய்களுக்குச் சாராயமும் சில்லறைச் சாமானும் விற்கிற கடைக்குப் பெயரானது. சிப்பாய் இடுப்பில் கட்டும் தண்ணீர்க் குப்பிக்கும் அதே பெயர்தான்.

முகாம் என்றதும் ஊவாக்காரருக்குத் தியத்தலாவை நினைவுக்கு வரும். 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் கைதிகள் ஏறக்குறைய ஐயாயிரம் பேரை அங்கே அடைத்துவைத்தார்கள். பிறகும் அது படைமுகாமாகவே நிலைத்தது. அதனால் நம் மலைக்குக் கன்டீன் என்ற பெயர் தியத்தலாவையிலிருந்துதான் வந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்குச் சான்று இல்லை. சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தமிழர் இதையேதான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் போன சொல் இது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முகாம் கடைகள் நடந்த விதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரித்தானியப் படைமுகாம்களின் கன்டீன்களைக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை கட்டிக் கடையை எடுத்தவர், அந்தக் காசைச் சிப்பாயிடமிருந்தே திரும்ப எடுத்தார். சிப்பாய்க்கோ வேறு கடைக்குப் போக வழி குறைவு. பின்னர் படைப்பிரிவுகளே கன்டீனை நடத்தின, ஆனால் சாமான் வழங்கும் ஒப்பந்தம் பெரிய வியாபாரமாகிவிட்டது. அதை லஞ்சம் கொடுத்துப் பிடித்ததாக 1914இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. தண்டனை பெற்றவர்களில் படை அதிகாரிகளும் இருந்தார்கள், லிப்டன் கம்பனியின் ஆட்களும் இருந்தார்கள். ஆம், 1890இல் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கிய அதே தாமஸ் லிப்டனின் கம்பனிதான். லிப்டன்மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆனாலும் நம் கொழுந்து போன கம்பனியின் பெயர் கன்டீன் வரலாற்றில் இப்படிப் பதிந்திருப்பதை ஊவாவில் பிறந்தவர்கள் அறிந்திருக்க வேண்டும். கன்டீன் லாபம் சிப்பாய்க்கே திரும்பவேண்டும் என்ற நோக்கத்தோடு படைகளுக்கென ஒரு பொது நிறுவனம் வேலையைத் தொடங்கியது 1921இல்தான்.

பெயரைப் பார்த்து மலிவென்று நினைப்பது வேறிடத்திலும் உண்டு. வட அமெரிக்காவில் மைதானத்துச் சிற்றுண்டிக் கடையைக் 'கன்செஷன்' என்கிறார்கள். கனடா போய் வந்த உறவினர்கள் சிலர் அது சலுகை விலைக் கடை என்று எண்ணிவிடுகிறார்கள், ஏனென்றால் நம் பத்திரிகைத் தமிழில் கன்செஷன் என்றால் சலுகை. சலுகை இருப்பது உண்மைதான், ஆனால் அது வாங்குபவருக்கு அல்ல, விற்பவருக்கு. இடத்துக்குச் சொந்தக்காரர் 'இங்கே நீ மட்டும் வியாபாரம் செய்யலாம்' என்று விட்டுக்கொடுக்கும் உரிமைக்குத்தான் அந்தப் பெயர். 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் கடை போட்டவர்கள் இத்தகைய உரிமையை வாங்கியே போட்டார்கள்.

இப்படி விற்கும் உரிமையைக் கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல, சாராயம் விற்கும் தவறணையைப் பாருங்கள். 'தவறு' செய்கிற இடம் என்பதால் தவறணை என்று சொல்வார்கள், அது வெறும் ஒலி ஒற்றுமை. போர்த்துக்கேயரின் 'தவேர்னா'தான் தவறணையானது. 1912ஆம் ஆண்டின் கலால் சட்டத்துக்கு முந்திய காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. அதை எடுத்த குத்தகைக்காரர்கள் இலங்கையின் பெரும் பணக்காரர்களானார்கள். தோட்டத்துக்குள்ளேயும் இதே கதைதான். துரையின் அனுமதியோடு பெரிய கங்காணி கடை வைப்பார், கடனுக்குக் கொடுப்பார், பற்றுக் கணக்கு சம்பளத்தில் கழியும். டவுனுக்கு மைல் கணக்கில் நடக்கவேண்டியவர்களுக்கு அந்தக் கடையைவிட்டால் வேறு போக்கிடம் ஏது?

இன்று பாடசாலைக் கன்டீனும் வைத்தியசாலைக் கன்டீனும் பெரும்பாலும் கேள்விப்பத்திரம் கோரித்தான் கொடுக்கப்படுகின்றன. கூடிய வாடகை கேட்டவருக்குக் கடை கிடைத்தால் அந்த வாடகை ரோல்ஸ் விலையில் ஏறும். கல்லாவில் நிற்கிற பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. விலையையும் தரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டியவர்கள் உரிமையைக் கொடுப்பவர்கள். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், கன்டீன் வாடகை எவ்வளவு, விலைகளை யார் தீர்மானித்தார்கள் என்று கேளுங்கள். விலைப்பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விதித்த கடமை, கன்டீனுக்கும் அது பொருந்தும். பட்டியல் இல்லையென்றாலும், பொதியில் அச்சிட்ட விலைக்குமேல் கேட்டாலும், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.