பழைய முகமூடியும் புதிய தலைமுறையும்

ரயில்வே மெக்கானிக்கல் பிரிவில் 35 ஆண்டுகள் என்ஜின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமாக்காரன், அமெரிக்கத் திகில் படங்களைப் பற்றி ஏன் எழுத வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காரணம் என் பேத்தி.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் சென்ற தீபாவளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் இரவு, வெள்ளை முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு நிற்கும் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல நாளும் அதுவுமா இந்த ரத்தக்களரியை ஏம்மா பார்க்கிறே?” என்று அதட்டினேன். அவள் கோபப்படவில்லை. “தாத்தா, நீங்க பார்க்காமலே எப்படி மோசம்னு சொல்றீங்க? ரிப்பேர் என்னன்னு என்ஜினைத் திறந்து பார்க்காம சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?” என்றாள்.

என் வார்த்தையாலேயே என்னை மடக்கிவிட்டாள். திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவள் பார்த்த படம் 2018-இல் வந்த ‘ஹாலோவீன்’. அதே பெயரில் 1978-இல் வந்த படத்தில் தொடங்கி, வரிசை முழுவதையும் மூன்று வாரத்தில் பார்த்து முடித்தேன். அதில் கண்டதையும் கற்றதையும் கீழே தருகிறேன்.

இவை என்ன வகைப் படங்கள்?

ஆங்கிலத்தில் இவற்றை ‘ஸ்லாஷர்’ என்பார்கள். கத்தியால் கீறுகிறவன் என்று பொருள் கொள்ளலாம். ஒரு கொலைகாரன், பெரும்பாலும் முகம் தெரியாது. ஓர் ஊர் அல்லது ஒரு வீடு. இளைஞர்கள் ஒவ்வொருவராகப் பலியாவார்கள். கடைசியில் ஒரு பெண் மட்டும் எதிர்த்து நின்று பிழைப்பாள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) இதற்கு விதை போட்டது. 1974-இல் வந்த ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ நாற்றாக வளர்த்தது. ஊரெங்கும் பயிராக்கியது 1978-இன் ‘ஹாலோவீன்’தான். ஹாலோவீன் என்பது அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் தேதி குழந்தைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் பண்டிகை.

சிக்கனத்தில் பிறந்த படம்

இயக்குநர் ஜான் கார்பென்டர், அவருடன் சேர்ந்து கதை எழுதித் தயாரித்த டெப்ரா ஹில், பணம் போட்ட முஸ்தபா அக்காத் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். அக்காத் சிரியாவில் பிறந்தவர்; நபிகள் வரலாற்றைச் சொல்லும் ‘தி மெசேஜ்’ படத்தை இயக்கியவரும் இவரே. ‘ஹாலோவீன்’ படத்துக்கு ஆன செலவு சுமார் 3 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது டீச்செலவு.

கதை நடப்பது இலினாய் மாநிலத்தில், இலையுதிர் காலத்தில். படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். மரங்கள் எல்லாம் பச்சை. காகித இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் பூசித் தெருவில் பரப்பி, காட்சி முடிந்ததும் பொறுக்கிச் சாக்கில் கட்டி, அடுத்த காட்சிக்கு மறுபடி பரப்பினார்கள். முகமூடிக்கு ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியைக் கடையில் 2 டாலருக்கும் குறைவாக வாங்கி, கண் துளையை அகலப்படுத்தி வெள்ளை அடித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக உலகைப் பயமுறுத்தும் முகம் அதுதான்!

இசையையும் கார்பென்டரே அமைத்தார். இசைப் பேராசிரியரான அவருடைய தந்தை, சிறுவயதில் பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கைத் தாளம் ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தார். அதையே பியானோவில் வைத்தார். நம் சங்கத்தில் மிருதங்கம் பயிலும் பிள்ளைகள் கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள்: தகிட தகிட தக தக. ஐந்தின் இரட்டை, பத்து. நான்கு நான்காக எண்ணிப் பழகிய மேற்கத்தியக் காதுக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது. அந்தத் தடுமாற்றம்தான் பயம்.

எனக்கு வியப்பளித்தது, அந்தப் படத்தில் ரத்தம் மிகக் குறைவு என்பதே. மைக்கேல் மையர்ஸ் ஆறு வயதில் தன் அக்காளைக் கொல்கிறான். 15 ஆண்டு கழித்து மருத்துவமனையிலிருந்து தப்பி ஊர் திரும்புகிறான். ஏன் கொல்கிறான் என்று கடைசி வரை சொல்லப்படுவதில்லை. லோரி என்ற பள்ளி மாணவி (ஜேமி லீ கர்டிஸ்) மட்டும் தப்புகிறாள். சுடப்பட்டு மாடியிலிருந்து விழுந்த மைக்கேல், எட்டிப் பார்க்கும்போது அங்கே இல்லை. படம் முடிந்துவிடுகிறது.

ஷிம் மேல் ஷிம்

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பட்டறைக்கு, அதிர்வு அதிகம் என்று ஒரு டீசல் என்ஜின் வந்தது. திறந்து பார்த்தால், போன ஷெட்டிலெல்லாம் இடைவெளியை அடைக்க ஆளுக்கொரு ஷிம் தகடு சொருகியிருந்தார்கள். ஒவ்வொருவர் செய்ததும் அன்றைக்குச் சரிதான். எல்லாம் சேர்ந்ததும் என்ஜின் ஆட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அத்தனை தகட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரிஜினல் ட்ராயிங் அளவுக்குத் திரும்பினோம். ஆட்டம் நின்றது.

‘ஹாலோவீன்’ வரிசைக்கும் இதுவே நேர்ந்தது. 1981-இல் வந்த இரண்டாம் பாகத்தில், மைக்கேல் துரத்துவதற்குக் காரணம் வேண்டும் என்று லோரியை அவன் தங்கை ஆக்கினார்கள். முதல் தகடு அதுதான். எழுதிய கார்பென்டரே பிற்பாடு அதைப் பற்றி வருத்தத்தோடு பேசியிருக்கிறார். 1982-இல் மூன்றாம் பாகம் மைக்கேலே இல்லாமல் வேறு கதையாக வந்தது; ரசிகர்கள் ஏற்கவில்லை. 1988, 1989, 1995 படங்களில் மைக்கேல் திரும்பினான். தங்கை மகள் என்று உறவு நீண்டு, கடைசியில் ஒரு ரகசியக் கூட்டத்தின் சாபம் என்றுகூட விளக்கம் சொன்னார்கள்.

1998-இல் நடுவில் வந்த பாகங்களை ஒதுக்கிவிட்டு, லோரியை மறுபடி கொண்டுவந்தார்கள். அவள் மைக்கேலின் தலையை வெட்டுவதோடு கதை முடிந்தது. நல்ல முடிவு. ஆனால் 2002-இல் வந்த அடுத்த படத்தில் “வெட்டுப்பட்டது அவனில்லை, முகமூடி மாட்டிவிடப்பட்ட வேறு ஆள்” என்று சொல்லி, லோரியையும் கொன்றுவிட்டார்கள். பார்ப்பவனின் நம்பிக்கையை அதைவிடக் கெடுக்க முடியாது. 2007-இல் ராப் ஸாம்பி என்ற இயக்குநர் முதலிலிருந்து புதிதாக எடுத்து, மைக்கேலின் கெட்ட குழந்தைப் பருவத்தை விரிவாகக் காட்டினார். காரணம் தெரிந்த பின் அவன் பரிதாபத்துக்குரிய முரடனாகிவிட்டான். பழைய பயம் போய்விட்டது. 2009-இல் அதன் தொடர்ச்சியோடு வண்டி யார்டில் நின்றது.

2018: முழு ஓவர்ஹால்

ஒன்பது ஆண்டு நின்ற வண்டியை ஓடவைத்தவர் இயக்குநர் டேவிட் கார்டன் கிரீன். டேனி மெக்பிரைடும் சேர்ந்து எழுதினார். மெக்பிரைட் நகைச்சுவை நடிகர் என்பது குறிப்பிடத்தக்கது. ஜேசன் ப்ளம்மின் ப்ளம்ஹவுஸ் நிறுவனமும் தயாரிப்பில் சேர்ந்தது. குறைந்த செலவில் திகில் படம் எடுப்பதில் பெயர் பெற்ற நிறுவனம் அது. இவர்கள் செய்த வேலையை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, தகடுகளைக் கழற்றினார்கள். 1978 படம் மட்டுமே உண்மை, மற்றவை நடக்கவில்லை. லோரி தங்கை என்பதுகூட ஊரார் கட்டிய கதை என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது, பழைய கைகளைக் கூப்பிட்டார்கள். கார்பென்டர் திரும்பி வந்து, மகன் கோடி, ஞானமகன் டேனியல் டேவிஸ் இருவரோடும் இசையமைத்தார். தந்தை தந்த தாளத்தை மகனோடு சேர்ந்து வாசித்தார். முதல் படத்தில் முகமூடி அணிந்த நிக் காஸில் ஒரு சிறு பகுதிக்கு மறுபடி அணிந்தார்; மற்றக் காட்சிகளில் ஜேம்ஸ் ஜூட் கோர்ட்னி. முகமூடிக்கும் நாற்பது வயது கூட்டி, சுருக்கம் விழச் செய்தார்கள்.

மூன்றாவது, பழைய காட்சிகளைத் திருப்பிப் போட்டார்கள். 1978-இல் வகுப்பிலிருந்து லோரி வெளியே பார்ப்பாள், மைக்கேல் நிற்பான். 2018-இல் பேத்தி அலிசன் வகுப்பிலிருந்து வெளியே பார்க்கிறாள். நிற்பது பாட்டி லோரி! அன்று விழுந்து மறைந்தவன் மைக்கேல். இன்று மாடியிலிருந்து விழுந்து, அவன் எட்டிப் பார்ப்பதற்குள் மறைகிறவள் லோரி. பழையது தெரிந்தவனுக்கு இரட்டை ருசி. தெரியாதவனுக்கும் கதை குறைவதில்லை.

நான்காவது, அதுவே முக்கியமானது: காலம் ஓடிவிட்டது என்பதை மறைக்கவில்லை. லோரி இப்போது நரைத்த பாட்டி. அவன் வருவான் என்று வீட்டைக் கோட்டையாக்கி, துப்பாக்கி பழகி, நாற்பது ஆண்டு காத்திருக்கிறாள். மகள் காரனையும் அப்படியே வளர்த்ததால், அவள் 12 வயதாக இருக்கும்போது அரசு அதிகாரிகள் பிரித்துக்கொண்டு போனார்கள். மகளுக்குத் தாய் மேல் தீராத மனக்கசப்பு. பேத்திதான் பாட்டியைத் தேடி வருகிறாள்.

சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே ஏறத்தாழ 7.6 கோடி டாலரும், உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேலும் ஈட்டியது.

ஓவர்ஹாலுக்குப் பின்

வெற்றியோடு நிறுத்தவில்லை. 2021-இலும் 2022-இலும் இரண்டு பாகங்கள் வந்தன. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் சுமார் 4.9 கோடி, பிறகு 4 கோடி என்று இறங்கியது. இரண்டு படங்களும் வெளியான நாளே வீட்டுத் திரையிலும் கிடைத்தன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் 2021 படத்தில் லோரி பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். 2022 படத்தில் ஒரு புது இளைஞன் கதையே நெடுநேரம். ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். ஒருமுறை ஓவர்ஹால் செய்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கிறவன் மெக்கானிக் அல்ல.

இதே வகையில் ‘எல்ம் தெருவின் கொடுங்கனவு’ என்று தமிழில் சொல்லத்தக்க 1984 படத்தை 2010-இல் மறுபடி எடுத்தார்கள். வசூல் வந்தது, பழைய காட்சிகளின் நகல் என்ற பெயரும் வந்தது, தொடர்ச்சி வரவில்லை. ‘ஸ்க்ரீம்’ (1996) வரிசை 2022-இல் வேறு வழியில் போனது. பழைய மூவரைத் துணைக்கு வைத்து, புதிய இளைஞர்களிடம் கதையை ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே இன்னொரு பாகம் எடுக்கும் அளவுக்கு அது பிழைத்தது.

நான் கற்றது

என் மறுப்பு முழுவதும் போய்விடவில்லை. 2018 படத்தில் 1978-ஐவிட ரத்தம் கூடுதல், அது தேவையில்லை. சிறு பிள்ளைகள் பார்க்கத் தக்கதல்ல என்பதிலும் மாற்றமில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஆனால் பேத்தியிடம், “இதில் உனக்கு எது பிடித்தது?” என்று கேட்டபோது அவள் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. “அந்தப் பாட்டி சொல்றதை யாருமே நம்பலை தாத்தா. அம்மாகாரிக்கும் கோபம் நியாயம்தான். ரெண்டு பேரும் பாவம்” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்நிய ஊரில் தமிழ் போய்விடுமே என்ற பயத்தில் நான் என் மகளை ஞாயிறு தோறும் பத்துப் பக்கம் எழுதவைத்தேன். முடித்தால்தான் விளையாட்டு. அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள். தமிழ் நன்றாக வந்தது. ஆனால் தன் பெண்ணுக்கு அவள் ஓர் எழுத்துகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கொடுத்தது தமிழையா, என் பயத்தையா என்று இப்போது யோசிக்கிறேன். மறுநாள் மகளுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இப்பவாவது தெரிஞ்சுதே அப்பா” என்றாள். பேத்தி இந்த விடுமுறையில் தானாக வந்து ‘அ’ எழுதக் கற்றுக்கொண்டாள். பத்துப் பக்கம் கொடுக்கவில்லை. ஒரு பக்கம், அதுவும் கேட்டால்தான்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்தையும் இங்கே நினைக்கிறேன். அதே ராஜா, அதே வாடகைக் கிரீடம், அதே வசனம். முன் இரண்டு வரிசையில் நரைத்த தலைகள். பிள்ளைகள் வெளியே சாப்பாட்டுக் கடையில். அடுத்த ஆண்டுக்காகச் சில யோசனைகள்:

1. அடித்தளம் எது, இடையில் சொருகிய தகடு எது என்று பிரித்துப் பாருங்கள். தகட்டைக் கழற்றத் தயங்க வேண்டாம்.

2. நகல் எடுக்காதீர்கள், திருப்பிப் போடுங்கள். ராஜாவின் கதையைப் பேத்தி சொல்லட்டும்.

3. பழைய கைகளை ஒதுக்காதீர்கள். ஆனால் பிரதியை இளைஞரிடம் கொடுங்கள்.

4. எல்லாவற்றையும் விளக்காதீர்கள். கேட்பவனுக்கும் கொஞ்சம் வேலை வேண்டும்.

5. செலவைக் கூட்டினால் கூட்டம் வரும் என்று நம்பாதீர்கள். 2 டாலர் முகமூடியை நினைவில் வையுங்கள்.

2018 படத்தின் தொடக்கத்தில், நசுங்கி அழுகிக் கிடக்கும் ஒரு பூசணிக்காய் மெல்ல மெல்ல உப்பி, மறுபடி முழு உருவம் பெறும். உள்ளே விளக்கு எரியும். என் பேத்தி அதை நிறுத்தி எனக்கு இரண்டு முறை போட்டுக்காட்டினாள். எழுத்தறைக்கு இந்தக் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதும் அவள்தான். தலைப்பை மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள்.