தசை வறுமை

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. முதுமையில் தாம் ஊன்றிய தடியைக் குறித்து அப்பாட்டில் ஆண்ட தொடரே பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார். இளமையில் மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்த தம் ஆற்றல் எங்குளதோ என்று அவர் இரங்குகின்றார். அவ்வினாவுக்கு உடல்நூலார் இக்காலத்து விடை கூறுகின்றனர்.

முதுகுத்தண்டிலிருந்து வரும் இயக்க நரம்பு ஒவ்வொன்றும் தசையிழைகள் பலவற்றை ஆள்கின்றது. வயது ஏற ஏற அந்நரம்பணுக்களுட் சில மடிகின்றன. ஆள்வாரற்ற இழைகளிற் சிலவற்றை அண்டை நரம்பு தன்வயமாக்கிக் கொள்ளும், எஞ்சியவை தேய்ந்தொழியும். விரைந்து சுருங்கும் இழைகளே மிகுதியுங் கெடுகின்றன. கால் இடறியபோது நொடியில் உடலைத் தாங்கி நிறுத்துவன அவையே யாதலின், முதியோர் விழுந்துவிடுவதற்கு இஃதொரு காரணமாம். 50 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் தசை நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு குறையும் என்பர். வலிமையோ அதனினும் விரைந்து குறைகின்றது.

இந்நிலைக்குச் 'சார்க்கோபீனியா' என்னும் பெயரை 1989இல் எழுதி வழங்கினவர் இர்வின் ரோசன்பர்க் என்பார். கிரேக்க மொழியில் முற்சொல் தசை, பிற்சொல் வறுமை. தசையிழப்பு என்பதினும் தசை வறுமை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இழப்பென்றால் போனது போனதே. வறியவனோ மீண்டும் ஈட்டவுங் கூடும்.

ஈட்டிக் காட்டினவரும் உளர். அமெரிக்காவிற் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில், மரியா பியாடரோனே என்னும் மருத்துவரும் துணைவரும் ஏறத்தாழ 90 வயதினரான மெலிந்த முதியோர் 10 பேரைக் காலாற் பளுத் தூக்கிப் பழகச் செய்து, கண்டதை 1990இல் வெளியிட்டனர். 8 வாரமும் முற்ற முடித்தவர் 9 பேர். அவர்தங் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு மிகுந்தது. தொடைத்தசையோ 9 பங்கே வளர்ந்தது. நரம்புகள் தசையை ஏவுந் திறன் மீண்டமையே இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் எனலாம். இருவர் தங் கைத்தடியை விட்டு நடந்தனர். இதனைப் படித்தபொழுது விழுத்தண்டினாரை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. ஆயினும், பயிற்சியை நிறுத்திய 4 வாரத்திலேயே அவர்கள் வலிமை நூற்றுக்கு 32 பங்கு குறைந்துவிட்டது.

என் பாட்டியார் எண்பதைக் கடந்தவர். சென்ற ஆண்டு காய்ச்சலிற் சில நாள் கிடந்து எழுந்தார். அதன்பின் அவர் செம்பை எடுக்கக் குனிந்தாலும், "நீங்கள் இருங்கள், பாட்டி, நான் எடுக்கின்றேன்" என்று தடுப்பதையே அன்பென்று கொண்டிருந்தேன். சில திங்களில், கையூன்றாது நாற்காலியினின்று எழ அவரால் இயலாதாயிற்று. முதுமை செய்ததென்று வீட்டார் அனைவருஞ் சொன்னோம். அதில் என் பங்கு எவ்வளவோ!

இவ்விடுமுறையில் மருத்துவரைக் கேட்டு, உணவிற் பருப்பும் முட்டையுங் கூட்டி, நாள்தோறுங் காலையில் நாற்காலியினின்று எழுந்தமரப் பழக்கினோம். முதல் நாள் கையூன்றியே மூன்று முறை எழுந்தார். நான் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று கையூன்றாமல் ஆறு முறை எழுந்தார். ஏழாவதற்கு என் தோளைப் பற்றிக்கொண்டார்.